நவீன் என்று எழுதிய நாள்

பத்தாம் வகுப்புத் தேர்வுப் படிவத்தில் பெயருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அப்பாவிடம் நீட்டினேன். டில்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் 1978, நவம்பர் மாதம். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை.

"பேரு எங்கல?"

"நவீன்னு எழுதுங்கப்பா. நல்லசிவம் வேண்டாம்."

இந்தியில் நல்லா என்றால் உருப்படாதவன். தினமும் வருகைப்பதிவில் என் முறை வரும்போது வகுப்பே சிரிக்கும். "நாம் ஹீ நல்லா, பாஸ் கைசே ஹோகா?" - பெயரே நல்லா, எப்படிப் பாஸாவான் - என்று வாத்தியாரே ஒருநாள் கேட்டார். அத்தனையையும் அன்று அழுதுகொண்டே கொட்டினேன்.

"அது அண்ணாச்சி பேருல்லா..." என்றார் அப்பா.

வேலை தேடி டில்லிக்கு வந்த அப்பாவை, திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டதற்காகவே தன் ஒற்றை அறையில் எட்டு மாதம் வைத்துச் சோறு போட்டவர் நல்லசிவம் அண்ணாச்சி. நான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார்.

"இங்க யாருக்குப்பா அது தெரியும்?"

அப்பா பேனாவைத் திறந்தார். நவீன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சியின் மனைவி லீலாவதி பெரியம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கணவரின் அலுவலகத்திலேயே டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, சரோஜினி நகரில் தனியாக இருந்தார். அப்பா சோற்றில் கை வைக்காமல் விஷயத்தைச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல்.

பெரியம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"பிள்ளைக்குச் சங்கடம்னா மாத்தத்தான வேணும், தம்பி."

பிறகு என் பக்கம் குனிந்தார். "நவீன், இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. பெரியம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர். அதனாலேயே பதினைந்து வருஷமாக என்னை 'ஐயா' என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறார். அதை ஏதோ செல்லம் என்று நினைத்திருந்தேன்.

"நவீன், மோரு?"

தடங்கலில்லாமல் வந்தது பெயர். ஐயான்னே கூப்பிடுங்க பெரியம்மா என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது எங்கள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "சலோ பாய்சாப், ஜல்தி!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லி பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். அப்பா காதில் விழாதவர்போல, பெரியம்மா வீடு இருந்த எதிர்ப்புறம் பார்த்து நின்றார். பஸ் போய், அது கிளப்பிய புழுதி வேப்பஞ்சருகுகளின்மேல் மெல்ல இறங்கியது.