ஒரு காதுக்கு இரண்டு குரல்

"இதுல பேஸ் கேட்டுப் பாருங்க சார். நெஞ்சுல வந்து இடிக்கும்" என்று கடைக்காரப் பெண் கறுப்பு நிற பிளேயரை நீட்டினாள்.

தகட்டுக்காரன் இயர்போனின் ஒரு முனையை இடது காதில் செருகினான். மறுமுனையைத் தொங்கவிட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினான்.

"நாள் முழுக்க இடிக்குள்ளதாம்மா உக்காந்திருக்கேன். காசு குடுத்து இன்னொரு இடி வாங்கவா?"

பக்கத்தில் நின்ற மச்சினன் சிரித்தான். கூரியர் வண்டி ஓட்டுகிறவன். போகிற இடங்களில் கிடைக்கும் பத்திரிகைகளைப் படித்து, எந்த பிளேயருக்கு எத்தனை நட்சத்திரம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பான். தான் கூட வராவிட்டால் அக்கா புருஷன் தலையில் எதையாவது கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று லீவு போட்டு வந்திருந்தான்.

"ரெண்டு காதுலயும் வைங்க சார். அப்பத்தான் ஸ்டீரியோ தெரியும்" என்றாள் அவள்.

"வலது காது செத்துப்போச்சு."

"ஐயோ, சாரி சார்."

"நீ எதுக்கு சாரி சொல்ற? நீயா அடிச்ச?"

அவன் வேலை இரும்புத் தகட்டில் எண்ணெய் டேங்க் செய்யும் பட்டறையில். டேங்குக்குள் உட்கார்ந்து, வெல்டிங் வைத்த மூட்டுகளைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். உள்ளே விழுகிற அடி வெளியே போக வழியில்லாமல் அடித்தவன் மண்டைக்கே திரும்பி வரும். சுத்தியல் இருக்கும் கைப்பக்கம் முதலில் போகும். மறுபக்கம் மெதுவாகப் போகும். அவனுக்கு வலது காது முழுசாகவும் இடது காது பாதியும் போயிருந்தன. அறைக்குள் பாட்டுப் போட்டால் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்கும். காதுக்குள்ளேயே வைத்தால்தான் பாட்டு பாட்டாக வரும். பட்டறையில் அவனை 'ஒத்தக்காது' என்பார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒன்றும் சரியில்லை.

இத்தனை நாள் அவன் இதற்காக வருத்தப்பட்டதில்லை. வினை, அவன் மனைவி பாட்டுப் பாடியதில் ஆரம்பித்தது.

அவள் தையல் ஆலையில் காலர் வைக்கிறவள். அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து, வெட்டிய துணி அடுக்கும் அறையில் பாடிப் பழகுவார்கள். போன மாதம் முறையாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் ஒரு பாட்டைப் பதிந்து, ஆளுக்கொரு சிடி வாங்கி வந்தார்கள். இரண்டு பெண்கள் கேள்வியும் பதிலுமாக வழக்காடுகிற பாட்டு. முதல் குரல் கட்டிங் அக்கா, துணி வெட்டும் பிரிவில் மூத்தவள். இரண்டாம் குரல் இவன் மனைவி.

மச்சினனின் பழைய சிடி பிளேயரில் அதைப் போட்டு, சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது இயர்போனின் இடது முனையை இடது காதில் வைத்து இவன் கேட்டான். முடித்துவிட்டு, தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "ஒரு பொம்பளதான் பாடுறா. அவளும் வரிக்கு வரி நின்னு நின்னு மூச்சு வாங்குறா. நீ எங்க இதுல? சும்மா ஆளுக்கு ஆள் சேக்கக் கூட்டிட்டுப் போனாங்களா?"

மச்சினன் சிரித்தான். மச்சினன் பெண்டாட்டியும் சிரித்தாள். அவன் மனைவி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பழகப் போவதை நிறுத்திவிட்டாள். "காலர் வைக்கிறவளுக்குப் பாட்டு எதுக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கு இன்று சாயங்காலம் ஆள் முடிவு செய்கிறார்கள். இன்றைக்கும் அவள் போகாவிட்டால் இரண்டாம் குரல் வேறொருத்திக்கு.

விஷயம் நேற்றுத்தான் பிடிபட்டது. மச்சினனோடு பஸ்ஸில் போகும்போது ஆளுக்கொரு முனையாக அதே சிடியைக் கேட்டார்கள். மச்சினன் கை மாறி, வலது முனையை இவனிடம் கொடுத்துவிட்டான். இடது காதில் அதை வைத்ததும் மனைவியின் குரல் மட்டும் கேட்டது. கட்டிங் அக்காவைக் காணோம். அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"டேய், இவ இத்தன நாளா எங்கடா இருந்தா?"

பதிந்தவர் அழகு என்று நினைத்து, ஒரு குரலை இந்தக் காதுக்கும் மற்றதை அந்தக் காதுக்கும் பிரித்து வைத்திருந்தார். கட்டிங் அக்கா நின்று மூச்சு வாங்கியதாக அவன் நினைத்த இடத்திலெல்லாம் அவன் மனைவி பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கினான். "போதுங்க" என்றாள் அவள். "ஊர் முன்னால சொன்னத இப்ப ஒரு வயரைக் காட்டி மாத்தாதீங்க. தனியா கேட்டா அது பாட்டும் இல்ல. அவ கேக்காம நான் எதுக்குப் பதில் சொல்றேன்?"

அதுதான் அவனைக் குத்தியது. அவள் சொன்னது சரி. அவள் குரலை மட்டும் கேட்பது, போனில் யாரோ சண்டை போடுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு காதில் வர வேண்டும். அதைக் கேட்காமல் இன்று வீட்டுக்குத் திரும்புவதில்லை என்றுதான் காலையிலேயே கிளம்பி வந்திருந்தான்.

இப்போது இதையெல்லாம் கடைக்காரப் பெண்ணிடம் சொல்லி சிடியைக் கொடுத்தான். அவள் கம்ப்யூட்டரில் போட்டு, கறுப்பு பிளேயரில் ஏற்றினாள். கேட்டான். கட்டிங் அக்காவும் பின்னால் மேளமும். மேளம்தான் பெரிதாக இருந்தது. குரல் அதற்கு அடியில் மூட்டைக்குள் போட்ட மாதிரி கிடந்தது.

"இது வேணாம்."

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா" என்றான் மச்சினன். "அந்த வெள்ளி கலரு. அதான் மாஸ்டர் பீஸு. அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம்."

வெள்ளி நிறத்தது தகட்டை விட மெல்லிசாக இருந்தது. பட்டன் கிடையாது, நடுவில் ஒரு வட்டம், விரலால் தடவினால் நகரும். தகட்டுக்காரன் தடவினான். நகரவில்லை. அழுத்தித் தடவினான். அசையவில்லை. அவன் விரல் நுனியில் தோல், செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்திருந்தது.

"என்னம்மா, இது என்னைய மனுசனாவே மதிக்கலியே?"

மச்சினன் வாங்கித் தடவிக் கொடுத்தான். பாட்டு வந்தது. தகட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தியமாக நல்ல சத்தம். கட்டிங் அக்கா உதடு பிரிகிற ஒலிகூடத் தனியாகத் தெரிந்தது. சொல்லுக்குச் சொல் பிசிறில்லை. ஆனால் கட்டிங் அக்கா மட்டும்தான்.

"இருங்க மாமா, இதுல பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் இடது பக்கம் தள்ளிவிடுறேன்." தள்ளினான். "இப்ப?"

"அக்கா சத்தமா பாடுது."

"நம்ம அக்காவா?"

"உங்க அக்கா இல்லடா. கட்டிங் அக்கா."

வலது பக்கம் தள்ளினான். ஒன்றுமே கேட்கவில்லை. மச்சினன் முகம் விழுந்தது. "பத்திரிகைல இதப்பத்தி ஒண்ணும் போடல மாமா."

"போட்டவனுக்கு ரெண்டு காது."

கடைக்காரப் பெண் அந்த பிளேயரை வாங்கினாள். ஒரு முனையை மட்டும் தன் காதில் வைத்து, மற்றதைக் கைக்குள் பொத்திக்கொண்டு பாட்டை முழுசாகக் கேட்டாள். பிறகு முனையை மாற்றிக் கேட்டாள். இதுவரை அவள் முகத்தில் இருந்த விற்பனைச் சிரிப்பு போய்விட்டது.

"பேலன்ஸ் சரிவராதுண்ணே. அது ஒரு பக்கத்தச் சாத்தும், அவ்வளவுதான். ரெண்டையும் கொண்டுவந்து ஒண்ணா ஊத்தாது. உங்களுக்கு ஊத்துறது வேணும்."

"அதேதான். அப்படி எது செய்யும்?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"அப்ப எல்லாத்தையும் எடு. ஒண்ணொண்ணா பாப்போம்."

"மாமா, அவங்களுக்கு வேற கஸ்டமர் இருக்காங்க…"

"இருக்கட்டும். நான் எங்கயும் போகல."

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தாள். விரல் அளவில் ஒன்று. ரேடியோ உள்ளது ஒன்று. படம் காட்டுவது ஒன்று. ஒவ்வொன்றிலும் பாட்டை ஏற்றி, அமைப்புப் பக்கம் முழுவதையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. ஒன்றில் சத்தத்தைக் கூட்டினால் கிழிந்தது. படம் காட்டுவதில் எல்லாம் இருந்தது, இவனுக்கு வேண்டியது இல்லை. தகட்டுக்காரன் ஒவ்வொன்றையும் இடது காதில் வாங்கி, ஒவ்வொன்றையும் "இல்ல" என்று திருப்பிக் கொடுத்தான். கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. மூட்டில் எங்கே ஓட்டை என்று தட்டித் தட்டித் தேடுகிற அதே கைப்பழக்கம். மச்சினன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் அவள் கீழ்த் தட்டில் குனிந்து ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம், தடிமன், பெரிய பெரிய பட்டன்கள்.

"இது என்ன, துணி சோப்பா?" என்றான் மச்சினன்.

"மொழி படிக்கிறவங்க வாங்குவாங்க. பாடத்தத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்க. பாட்டுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க." பட்டனை அழுத்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. "அண்ணே, இங்க மோனோன்னு ஒண்ணு இருக்கு."

"அது என்ன செய்யும்?"

"போட்டுப் பாப்போம்."

தகட்டுக்காரன் காதில் வைத்தான். முதலில் ஒரு மெல்லிய இரைச்சல். அவள் அதைக் கவனித்துவிட்டு, "இதுல கொஞ்சம் இரைச்சல் இருக்கும்ணே, வெள்ளி கலருல இருக்காது" என்றாள்.

"அது என் காதுக்குள்ளயே எப்பவும் இருக்கு. இதுக்குத் தனியா கணக்குப் பாக்க வேணாம்."

கட்டிங் அக்கா கேள்வி கேட்டாள். அவள் வாய் மூடியதும் அவன் மனைவி பதில் சொன்னாள்.

அவன் கை கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டது. ஒரே காதுக்குள், ஒரே இடத்தில், ஒருத்தி கேட்க ஒருத்தி மறுக்க, பாட்டு நடந்துகொண்டிருந்தது. சொல் கொஞ்சம் மழுங்கி வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் இன்னொரு பட்டனை அழுத்தி, மேல் ஒலிகளை ஏற்றினாள். சொல்லுக்கு விளிம்பு வந்தது. மச்சினன் ஏதோ கேட்டான். தகட்டுக்காரன் கையைக் காட்டி அடக்கினான்.

முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். அதுவும் முடிந்ததும் இன்னொரு முறை. மூன்றாவது தடவை அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். டேங்க் மூட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி அடிக்கும்போது, ஒருவன் அரை நொடி முந்தினாலும் மற்றவன் முழங்கையில் தெரியும். அவனுக்கு இப்போது முழங்கையில் தெரிந்தது.

"இதையே கட்டிக் குடும்மா" என்றான்.

"மாமா, யோசிங்க. சத்தத்துல வெள்ளி கலருக்குப் பக்கத்துல இது நிக்காது."

"நிக்காதுதான். அது நல்லாத்தான் பாடுது. உங்க அக்காவ வெளிய நிறுத்திட்டுப் பாடுது."

கடைக்காரப் பெண் பெட்டியை நீட்டும்போது, "அக்கா நல்லா பாடுறாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் அவள் துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆலைப் பை ஆணியில் தொங்கியது. பழகப் போகிற அறிகுறி எதுவும் இல்லை. மச்சினன் வாசலிலேயே, "அக்கா, மாமா முழுசா கேட்டுட்டாரு" என்று பாதிச் சிரிப்போடு ஆரம்பித்தான்.

அவள் நிமிரவில்லை. "நல்லா இருந்துச்சுன்னு சொல்லப்போறாரு. சொல்லிட்டுக் கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

"கடைசில நீ முந்திட்ட" என்றான் தகட்டுக்காரன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மச்சினன், "மாமா!" என்று பல்லைக் கடித்தான்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் சேந்து பாடுறதுக்கு முந்தின எடுப்பு. அந்தம்மா இழுத்துட்டு இருக்கா. அவ இன்னும் முடிக்கல. நீ உள்ள பூந்துட்ட. மத்த எடத்துல எல்லாம் சுத்தியல் அடி மாதிரி மாறி மாறி ஒழுங்கா விழுது. அங்க மட்டும் முந்துது."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது. மச்சினன் மெதுவாக வாசல்பக்கம் நகர்ந்தான்.

"முந்துனேனா? நானா? அந்த அக்காவுக்கு அந்த இழுப்புல மூச்சு நிக்காது, தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல அறுந்து போகும். நான் பூந்து எடுக்கலேன்னா அங்க ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் முந்துறேன்."

"தெரிஞ்சுச்சே."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு? பதிஞ்சவருக்கே தெரியல."

"அப்ப அந்தம்மாவ முன்னாடியே மூச்சு எடுக்கச் சொல்ல வேண்டியதுதான? எத்தன நாளைக்கு நீ முட்டுக் குடுப்ப?"

"சொன்னா கேப்பாளா? மூத்தவ. நீங்க வந்து சொல்லுங்களேன், பாப்போம்."

"வந்து சொல்றேன்."

"சொல்லுவீங்க! அவ முன்னால வாயே வராது உங்களுக்கு."

"எத்தன மணிக்கு?"

அவள் சாம்பல் நிற பிளேயரை அவன் கையிலிருந்து பிடுங்கி, இரண்டு முனையையும் தன் காதில் வைத்து, அந்த இடம் வரும்வரை பட்டனை அழுத்தி ஓட்டினாள். கேட்டாள். மறுபடியும் கேட்டாள். உதடு தன்னால் அசைந்தது.

"அரை மூச்சு" என்றாள். "அரை மூச்சுதான் முந்தியிருக்கேன். அதுக்குப் போய்…"

ஆணியிலிருந்து பையை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்துத் தலையை ஒரு தடவை வாரிக்கொண்டாள்.

"கெளம்புங்க. அங்க வந்து ஓரமா உக்காந்து கேளுங்க. இதுக்குமேல முந்துனா கைய காட்டுங்க. ஆனா எல்லாரும் இருக்கும்போது வாயத் தொறக்காதீங்க."

"சாப்பாடு?" என்றான் மச்சினன்.

"போட்டுச் சாப்பிடுடா" என்றாள் அவள், ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டு. தகட்டுக்காரன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவள் பின்னால் இறங்கினான். தெருவில் போகப் போக அவள் அந்த எடுப்பை முணுமுணுப்பாகப் பாடிக் காட்டிக்கொண்டே போனாள். "இது முந்துனதா, சொல்லுங்க. இது?"

"கொஞ்சம் சத்தமா பாடு" என்றான் அவன். "தெருவுல கேக்கல."

அவள் சத்தமாகப் பாடினாள்.