துணி மடிக்கிற லாரி

எல்லா மனிதர்களுக்கும் பிறக்கும்போதே பொருத்தி அனுப்பப்படும் பயம் என்ற பாகம், மாமாவின் உடம்பில் மட்டும் பொருத்தப்படவே இல்லை. சீசனின் கடைசிப் பந்தயத்தன்று காலை, பைக் செயினுக்கு எண்ணெய் விட்டபடி மாமாவே இதை அணிக்கு அறிவித்தார். முப்பது வருடமாக இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக்குக்குத் தன்னுள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமலா போகும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பைக் ஓட்டும் பெண்ணுக்கு அவர் தாய்மாமன். அதனால் அணிக்கே மாமா. அன்று அந்தப் பெண் மூன்றாவதாக வந்தால்கூடப் போதும், வருடத்தின் சாம்பியன். நான்காவதாக வந்தால் பட்டம் சிவப்பு வண்டிக்காரிக்கு. பந்தயத்தில் முதலாவதாக வரப்போவது சிவப்பு வண்டிக்காரிதான் என்பதில், சிவப்பு வண்டிக்காரி உட்பட யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாமா பயத்தைப் பற்றிப் பேசியதே அவருடைய அக்காவுக்காகத்தான். அக்கா, அதாவது அந்தப் பெண்ணின் அம்மா, அணியில் பெட்ரோலைச் சொட்டுப் பிசகாமல் அளந்து ஊற்றுகிறவள். ஆனால் பந்தயம் தொடங்கப் போகிறது என்றால் உதிரிபாக லாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். டூல் பெட்டி மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வண்டி துடைக்கிற பழந்துணிகளை ஒவ்வொன்றாக மடிப்பாள். இந்த சீசனில் ஏழு பந்தயம் ஆயிற்று. மகள் ஓட்டி அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்த அணியின் எண்ணெய்த் துணிகள் மட்டும் கல்யாணத்துக்குப் போகிற சட்டை மாதிரி இருக்கும்.

"பெத்த பொண்ணு இருநூறுல பறக்குறா, நீ கந்தைய மடிச்சிட்டிருக்க. இதுக்கு ஒரு கப்பு வச்சா வருஷா வருஷம் நீதான்க்கா வாங்குவ" என்றார் மாமா.

அக்கா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள்.

பந்தயத்தின்போது மாமாவின் வேலை போர்டு பிடிப்பது. பாதையோரச் சுவரில் நின்று, எத்தனையாவது இடம், பின்னால் வருகிறவன் எத்தனை விநாடி தள்ளி வருகிறான் என்று எண் பலகைகளைச் செருகி, மருமகள் கடக்கும்போது நீட்ட வேண்டும். மொத்தம் பதினெட்டுச் சுற்று. பன்னிரண்டு வரை மாமா ஒரு சிலை. மருமகள் மூன்றாவது, பின்னால் வந்த மஞ்சள் வண்டி மூன்று விநாடி தள்ளி. பக்கத்து அணிக்காரர்கள் பார்க்கும்படி ஒருமுறை கொட்டாவிகூட விட்டார்.

பதின்மூன்றாவது சுற்றில் மஞ்சள் வண்டிக்கு என்ன வந்ததோ, நெருங்கத் தொடங்கியது. இரண்டு விநாடி. ஒன்றரை. பதினாறாவது சுற்றில் புள்ளி நாலு. மாமா போர்டில் நாலு புள்ளி பூஜ்யம் விநாடி என்று வைத்து நீட்டினார்.

"அண்ணே, புள்ளி இடம் மாறிப்போச்சு" என்றார் பக்கத்தில் நின்ற அணியின் டயர்க்காரர்.

"தெரியும். புள்ளைக்கு ஒரு தெம்பா இருக்கட்டுமேன்னுதான்."

"தெம்பு வந்து அவ மெதுவாப் போயிட்டா?"

மாமா இதை யோசித்திருக்கவில்லை. அடுத்த சுற்றுக்குள் திருத்திவிடலாம் என்று பலகைகளை உருவினார். அவசரத்தில் நாலு, பூஜ்யம், புள்ளி எல்லாம் காலடியில் சிதறின. மருமகள் கடந்தபோது பார்த்தது ஒரு வெற்று போர்டையும், அதற்கு மேலே மாமாவின் திறந்த வாயையும்தான். குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல டயர்க்காரர் போர்டை வாங்கிக்கொண்டார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் அவசரமாகத் தேவைப்படுவதாக மாமா அறிவித்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

லாரிக் கதவைத் திறந்தபோது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்பேனர் எடுக்க வந்தேன்" என்றார்.

"பாக்கெட்ல நீட்டிக்கிட்டு இருக்குதே, அதுவா?" என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்த அக்கா கேட்டாள்.

மாமா பாக்கெட்டைப் பார்த்தார். அதுதான்.

"எத்தனையாவதுடா?"

"மூணு. கடைசிச் சுற்று."

மாமா லாரிக் கதவை உள்பக்கமாகச் சாத்துவதை அக்கா பார்த்தாள். பிறகு, அந்த சீசனில் பந்தயம் முடியுமுன் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். எழுந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்துட்டா வெளிய அவளுக்கு யாருடா இருக்கா?"

மிச்சத் துணிகளை அவர் கையில் திணித்தாள். கறை உள்பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மகள் எத்தனையாவதாக வருகிறாளோ, லாரியின் தகரத்தில் வெளியிலிருந்து அத்தனை தட்டுத் தட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள்.

மாமா டூல் பெட்டி மேல் உட்கார்ந்தார். கூரை அதிர வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கூட்டம் கத்தியது, யாருக்காகக் கத்துகிறது என்று தெரியவில்லை.

தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது.

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான்காவது வரவில்லை. வெளியே டயர்க்காரர் அவரைக் கூவிக் கூவி அழைத்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுவதும் கேட்டது. ஆனால் அக்கா எப்போதுமே எதையும் நிதானமாகச் செய்கிறவள். அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது.

மாமா இன்னொரு துணியை எடுத்து, கறையை உள்பக்கம் வைத்து, முனையோடு முனை சேர்த்து மடிக்கத் தொடங்கினார்.