கைப்பிடி வைத்த நீல நாற்காலி

நான் கேட்டது ஒரு நாற்காலி. கைப்பிடி வேண்டாம், சாய்ந்துகொள்ள முதுகும் வேண்டாம், உட்கார ஒரு பலகை இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன். எங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் பேக்கிங் செய்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. ட்ராலியில் உதிரிபாகங்கள் வரும். எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, அடுத்த ட்ராலியில் ஏற்ற வேண்டும். எல்லாம் நின்றபடிதான். என் வலது முழங்கால் வீங்கிப்போய், மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது என்று ஆகிவிட்டது. டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உக்காந்து செய்யற வேலையா பாருங்க, இல்லன்னா வேலைய விட்டுடுங்க" என்றார். அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. கூரை ஒழுகுகிறது என்றாலும் "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார், கூரையே விழுந்துவிட்டது என்றாலும் அதையேதான் சொல்வார். நாற்காலிக்கும் ஆகட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு வேறொன்றும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தொழிலாளர் நலனுக்காக என்று சொல்லி ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டால் எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று காற்றில் அம்புக்குறி தெரியும். சரியாக எடுத்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. குறை சொல்வதற்கில்லை, பொடி எழுத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போவது நின்றது. தானாக ஓடும் ட்ராலிகளும் கண்ணாடிக்குள் தெரிகிற அதே வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓடின.

ஒருநாள் காலையில் ஆகட்டும் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"உங்க நாற்காலி சேங்ஷன் ஆயிடுச்சும்மா."

மேஜையருகே வெறும் தரைதான் இருந்தது. "எங்க சார்?"

"கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாருங்க."

மாட்டினேன். இருந்தது. கைப்பிடி வைத்த நீல நாற்காலி, மெத்தை தைத்தது, முதுகுக்குத் தனியாக ஒரு குட்டித் தலையணை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பொத்தென்று தரையில் கிடந்தேன்.

"என்னம்மா நீங்க, அது உக்கார்றதுக்கு இல்ல" என்று என்னைத் தூக்கிவிட்டார். "பாக்கறதுக்கு. பக்கத்துல நாற்காலி இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சாலே பாதி அசதி போயிடுமாம்."

"மீதிப் பாதி?"

"ஆகட்டும், பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த கண்ணாடியை அங்கேயே மிதித்திருப்பேன். முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு அது நாற்காலியாகவே போய்விட்டது. மோதினால் கண்ணாடியில் சிவப்பு அடிக்கும் என்பதால் எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். ட்ராலிகளும் சுற்றிக்கொண்டு போயின. கூட்டுகிற அம்மா தினமும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கூட்டுவார். கண்ணாடிக்குள் கையால் பிடித்தால் அது நகரும். கூட்டி முடித்ததும் பழைய இடத்தில் பத்திரமாக வைத்துவிடுவார்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவள் என் நாத்தனார். அவளும் நானும் ஒரே வீடு, ஒரே மேஜை, எதிரெதிராக நின்று பேக்கிங். எனக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

"அண்ணிக்குன்னா மெத்தை வச்ச நாற்காலி. நாமெல்லாம் மனுசங்க இல்ல போல" என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீயே எடுத்துக்கோயேன்டி."

எடுத்துக்கொண்டாள். டீ நேரம் வந்ததும் என் பக்கம் வந்து, முழங்காலை மடக்கி, அந்தரத்தில் உட்கார்ந்தாள். தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. முகத்தில் மட்டும் அப்படியொரு சுகம். கையைக்கூட, இல்லாத கைப்பிடிமேல் அழகாக வைத்துக்கொண்டாள். தினமும் இதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்திரிடி என் நாற்காலிய விட்டு" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்பது எனக்கே உறைத்தது. இனி இப்படியே விட்டால் மூளை குழம்பிவிடும் என்று, மறுநாள் வீட்டிலிருந்து மர ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதைத் தரையில் வைத்ததுதான் தாமதம், கிடங்கிலிருந்த ட்ராலிகள் அத்தனையும் நின்ற இடத்திலேயே நின்று கூவ ஆரம்பித்தன. எல்லார் கண்ணாடியிலும் சிவப்பு. இன்னதென்று தெரியாத பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டதாம். ஆகட்டும் ஓடி வந்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு இருக்கைதாம்மா ரூல். ஏற்கெனவே உங்க பேர்ல ஒன்னு இருக்குது. அதை ஸ்டோர்ஸ்ல ஒப்படைச்சிட்டு வாங்க, இதை வரைபடத்துல ஏத்திக்கலாம்."

"இல்லாததை எப்படி சார் ஒப்படைக்கறது?"

"இல்லன்னு சொல்லாதீங்கம்மா, அப்புறம் தொலைச்சிட்டீங்கன்னு ஆயிடும்."

தொலைத்தால் வேலை போகும். குனிந்து நாற்காலியைப் பிடித்தேன். கூட்டுகிற அம்மா தள்ளும்போது நேராக நகர்ந்த நாற்காலி, நான் தூக்கியதும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஸ்டோர்ஸ் கிடங்கின் அந்தக் கோடியில் இருக்கிறது.

"அந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்" என்று நாத்தனார் வந்தாள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன், முகத்தில் கேலி இல்லை. ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து இரண்டு பேரும் வெறுங்காற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் இறக்குங்க அண்ணி. கால் வலிக்குது."

அப்போதுதான் அவள் கணுக்காலில் சுற்றியிருந்த பட்டைத்துணியைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

"உனக்கும் வலிக்குதா?"

"பின்ன எதுக்குத் தினமும் ஆகாசத்துல உக்காந்தேன்னு நினைச்சீங்க?"

நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டோர்ஸ்காரர் கண்ணாடி வழியாக நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மெத்தையில் அழுக்கு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். எந்த ட்ராலியும் கூவவில்லை. ஆனால் மேஜை என் மோவாய்க்கு நேராக இருந்தது. நின்று வேலை செய்பவர்களுக்கென்று போட்ட மேஜை அது. கையை மேலே தூக்கித் தூக்கித்தான் டேப் ஒட்ட வேண்டியிருந்தது.

"ஆகட்டும்" என்றார் ஆகட்டும். "மேஜையைக் குறைக்கச் சொல்லிடலாம்."

சொன்னபடியே மறுநாள் குறைந்திருந்தது, கண்ணாடிக்குள். அதை நம்பி நான் வைத்த பெட்டி நிஜ மேஜையின் விளிம்பில் இடித்து நேராகக் காலில் விழுந்தது. நல்லவேளை, இடது கால்.

நாத்தனார் குனிந்து மேஜைக் காலைச் சாணால் அளந்து பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தாள்.

"மேஜைக் காலை அசையாம பிடிச்சுக்கங்க அண்ணி. அறுக்கறது நான்."

டீ நேரத்துக்குள் நான்கு கால்களும் குட்டையாகிவிட்டன. எந்த ட்ராலியும் கூவவில்லை, எந்தக் கண்ணாடியிலும் சிவப்பு வரவில்லை. அவற்றைப் பொறுத்தவரை அந்த மேஜை முந்தின நாளே குட்டை. ஆகட்டும் வந்து கண்ணாடியோடு ஒருமுறை பார்த்தார், கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்ததில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

குட்டை மேஜையில் நாத்தனாரால் நின்று வேலை செய்ய முடியவில்லை. வீட்டிலிருந்த இன்னொரு ஸ்டூலை அவளும் கொண்டு வந்துவிட்டாள். அவள் பெயரில் ஏற்கெனவே இருக்கை எதுவும் இல்லாததால் அதைச் சுலபமாக ஏற்றிக்கொண்டார்கள். இப்போது எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்கிறோம். சண்டையும் உட்கார்ந்துகொண்டுதான் போடுகிறோம். என் முழங்கால் வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் இருந்தது அந்த இரண்டு ஸ்டூல்தான். கீழே உட்கார்ந்தால் என் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடுக்களைச் சுவரில் சாய்ந்து, தட்டைக் கையில் பிடித்தபடி நின்றே சாப்பிடுகிறார். நேற்று கெஞ்சலாக, "உக்கார ஒன்னு வாங்கலாமா?" என்று கேட்டார்.

நானும் நாத்தனாரும் ஒரே குரலில் சொன்னோம்: "ஆகட்டும், பாத்துக்கலாம்."