கட்டிலோரத்துக் குழாய்

யாரோ ஒருவர் வீட்டுக் கூரைப் பலகைக்குள் தலையை விட்டு வயர் இழுத்துக்கொண்டிருந்தவன், டீ இடைவேளை வந்ததும் ஏணியிலேயே உட்கார்ந்து மனைவியை வீடியோவில் அழைத்தான். கடல் தாண்டி, அவனுடைய சொந்த வீட்டுக்கு இன்று தளம் போடுகிறார்கள். கான்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் வயர் போகிற ஒரு குழாயையும் நகர்த்த முடியாது. ஊரார் வீட்டுக்கெல்லாம் வயர் இழுக்கிறவனுக்குத் தன் வீட்டைப் போனில்தான் பார்க்கக் கிடைத்தது.

மனைவி கம்பிகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஒவ்வொரு குழாயாகக் காட்டினாள்.

"கீழ்க்கம்பிக்கு மேல, மேல்கம்பிக்குக் கீழதானே போகுது? அடியில முட்டுக் கொடுத்த பலகையில படக்கூடாது."

"படல. நீங்க சொன்னபடிதான் கட்டியிருக்கு."

"நம்ம ரூமுக்கு மேல காட்டு."

அங்கே ஒரு இணைப்பு விட்டுப்போய், குழாய்கள் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் போனை முகத்தருகே கொண்டுவந்தான்.

"யாரோ மிதிச்சிருக்காங்க. அதுக்குள்ள சிமெண்ட் தண்ணி இறங்கினா அடைச்சுக்கும், வயரே போகாது. அப்புறம் தளத்தை உடைக்கிறேன்னு கம்பியையும் வெட்டுவாங்க."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "தம்பி, குழாய் விரிசல் விட்டிருச்சு. கையில ஒரு துண்டுதான் மிச்சம். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் சுவிட்ச் கேட்டீங்க, ஒரு பக்கத்துக்குத்தான் எட்டும். கலவை வண்டி வாசல்ல நிக்குது. ஏணியில உக்காந்து யோசிக்காம சட்டுன்னு சொல்லுங்க."

"நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்றாள் மனைவி.

கல்யாணமாகிச் சேர்ந்திருந்தது நாற்பது நாள். பிறகு மூன்று வருடமாக அவனுக்குச் சுவரோரத்து அடுக்குக் கட்டில்; அதில் பக்கம் என்று ஒன்று ஏது. அந்த நாற்பது நாளையும் துழாவிப் பார்த்தான்.

"மறந்துட்டீங்களா?"

"உன் பக்கமே போடச் சொல்லு."

"எனக்கு எதுக்கு? நான் படுத்தா பிணம் மாதிரி தூங்குவேன். நீங்கதான் தண்ணி குடிக்க எந்திரிச்சு கட்டில்கால்ல இடிச்சுப்பீங்க." திரும்பி மேஸ்திரியிடம் சொன்னாள்: "ஜன்னல் பக்கம் போடுங்கண்ணே. இவரு அங்கதான் படுப்பாரு."

பசை பிடிக்கும்வரை அவளே இணைப்பை அழுத்திப் பிடித்திருந்தாள். கலவை விழ ஆரம்பித்தது. ஏணிக்குக் கீழேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், அவன் இறங்கவில்லை. குழாய் முழுதும் மறையும்வரை அவளும் போனை அசைக்கவில்லை.

"ஆச்சு," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இனி மாத்த முடியாது. வந்து படுங்க."