செத்தவனைப் பார்க்கப் போனது

1940-ல் ஜெர்மன்காரன் குண்டு போட்டுக் கப்பல் முழுகியபோது, அதில் வேலை பார்த்த அருள்நாதனும் செத்துப்போனதாக ராயபுரத்துக்குச் செய்தி வந்தது. அவன் பெண்டாட்டி ஞானசெல்வி வெள்ளைப் புடவைக்கு மாறினாள். கல்மண்டபத்தில் மீன் விற்று மாமியார் சீனியம்மாளுக்கும் சோறு போட்டாள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே சீனியம்மாள், "எம் புள்ளைய முழுங்கினவ" என்று பத்து வருஷம் அவளைத் திட்டினாள்.

அருள்நாதனின் தம்பி அம்புரோஸும் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். துறைமுகத்தில் காரைக்கால் மாலுமி ஒருவன் அவனிடம், பிரான்சின் வடமேற்குக் கரையில், சேன் மாலோவுக்குப் பக்கத்து மீனவர் கிராமத்தில் ஒரு மதராஸ்காரனைப் பார்த்ததாகச் சொன்னான். "முகம் அப்படியே உன் முகம்தான்." அம்புரோஸ் வீட்டில் மூச்சுவிடவில்லை. அவன் கப்பல் அந்தத் துறைக்குப் போக அடுத்த வருஷம் ஆயிற்று.

சேன் மாலோ கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கோட்டை ஊர். மதில் அப்படியே நின்றது. உள்ளே சண்டையில் எரிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கிராமத்தில் வழி கேட்டதற்கு ஒரு கிழவன் காலடியில் துப்பினான். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருக்க, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒரு படகின் நிழலில் அருள்நாதன் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

அவன் கை நின்றது. நிமிரவில்லை. "உன்ன யாரும் இங்க கூப்டல. போய்டு."

"அண்ணி வெள்ள பொடவ கட்டிகினு கீது."

"ஜெர்மன்காரன் வூடு வூடா தேட சொல்லோ என்னை ஒளிச்சி வெச்சவ ஒருத்தி கீறா. ரெண்டு புள்ள பெத்துட்டா. அருள்நாதன் கடல்ல செத்துட்டான்னு போய் சொல்லு."

"பத்து வருசமா அதத்தான் சொல்லிகினு கீறாங்க!"

அம்புரோஸ் அவனை ஓங்கி அறைந்தான். துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி ஓடிவந்தாள். அவள் போட்ட கூச்சலில் திரண்ட ஆட்கள் அம்புரோஸைப் பஸ் ஏறும்வரை நெட்டித் தள்ளிக்கொண்டே போனார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் வந்ததும் அம்புரோஸ் அண்ணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான்.

"அடிச்சியா?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"ஒண்ணு வுட்டேன்."

"பத்து வருசத்துக்கு ஒண்ணா?"

மறுநாள் காலை அவள் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு மீன் கூடையைத் தூக்கினாள். சீனியம்மாள் தெருவே கேட்கக் கத்தினாள். "புருசன முழுங்கினவளுக்கு இன்னாடி செவப்பு பொடவ?"

"உம் புள்ள சாவல. பிரான்சுல வெள்ளக்காரியோட குடும்பம் நடத்திகினு கீறான். சின்னவன கேளு."

கிழவி அம்புரோஸைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் முகம் பூவாக மலர்ந்தது.

"உசுரோட கீறானா! ஒடம்பு நல்லா கீதா? புள்ளைங்க எத்தினி?"

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று ஞானசெல்வி நின்றாள். வரவில்லை.

"இனிமே அவன் கையால சோறு வாங்கித் துன்னு," என்று சொல்லிவிட்டு, கூடையோடு காலடிப்பேட்டையிலிருந்த தன் தாய்வீட்டுக்கு நடந்தாள். அம்புரோஸ் பின்னால் ஓடப் பார்த்தான். கிழவி அவன் கையை விடவில்லை. பிள்ளைகள் யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.