வெள்ளையாக வழிந்த கியர் ஆயில்

என்னிடம் வேலை செய்கிற பாவாடை அடி ஸ்குரூவைக் கழற்றியதும் படகு மோட்டாரிலிருந்து வழிந்தது எண்ணெயே இல்லை. கியர் ஆயில் என்றால் தேன் நிறத்தில், கெட்டியாக, நூல் விட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இது டீ டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துப்போய்த் தட்டில் சொட்டியது.

“நிறுத்து. மேல் ஸ்குரூவத் தொடாத. அப்படியே வுட்டுட்டு எழுந்திரு” என்றேன்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இருபது வருஷமாகச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் நான். எதில் யார் தண்ணீர் கலந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எண்ணெயை வடித்து எடுத்துக்கொண்டு, அளவு குறையாமல் இருக்கத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான்.

வடக்கனந்தலில் எனக்கு நிலம் இருக்கிறது. மலையடிவாரத்து ஏரியில் மீன் குத்தகையும் எடுத்திருக்கிறேன். கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் ஏரி கடல் மாதிரி கிடக்கும், துடுப்பு போட்டு மாளாது. அதனால்தான் கடலூருக்குப் போய், படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தேன். ஐந்து வருஷமாக அதை ஓட்டுவது, துடைப்பது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் பாவாடைதான். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது?

சந்தேகம் வந்த பிறகு பார்த்தால் எல்லாமே பொருந்தி வந்தது. அவனுடைய பழைய டிவிஎஸ் வண்டியின் செயின் பளபளவென்று இருந்தது. போன மாசம் மச்சினி வீட்டில் விசேஷம் என்று திருநாவலூருக்கு இரண்டு நாள் போய் வந்தான். கையில் ஒரு பை இருந்தது. பையில் என்ன இருந்தது என்று அன்றைக்கே கேட்காமல் விட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அவன் அதிகம் பேசாதவன் என்பதுகூட இப்போது எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை டீக்கடைக்குப் போனேன். பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று பெஞ்சின் மேல் வைத்து, இவன் செய்த வேலையைப் பாருங்கள் என்றேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திருடன் என்பதுதான் அதில் மரியாதையானது.

பாவாடை பின்னாலேயே வந்து நின்றான். கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே இருந்தது.

“நான் எடுக்கலீங்க. தண்ணி எப்படி உள்ள போச்சின்னு எனக்கும் தெரியலீங்க” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். இனிமேல் படகுப் பக்கம் தலை காட்டாதே என்றேன். ஸ்குரூ டிரைவரைத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

வலை நனையாமல் பத்து நாள் போனது. அதற்குள் ஊரில் இருந்த மற்றவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்கள். போன வருஷம் தொலைந்த ஒருவருடைய கடப்பாரைக்கும் பாவாடையின் பெயர் வந்தது. அவன் பெண்சாதி ஆயம்மாளைக் களையெடுக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரி ராணியம்மாள் சொன்னாள். அவள் செய்தி சொல்கிற மாதிரி சொல்லவில்லை, என்னைக் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

சின்னசேலத்திலிருந்து காசிநாதன் மெக்கானிக் வந்தார். துறைமுகத்தில் பல வருஷம் இந்த மாதிரி மோட்டார் பார்த்தவர். எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், விசிறித் தண்டில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் தானாகவே போகும் என்றார். அடி ஓட்டையில் சைக்கிள் பம்பைப் பொருத்திக் காற்றடித்து, மோட்டாரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் டிரம்மில் இறக்கினார். விசிறிப் பக்கம் ஒரு குமிழிகூட வரவில்லை. சீல் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியானால் யாரோ ஊற்றியதுதான்.

ஆனால் மேல் ஸ்குரூவிலிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வாஷர் இல்லை. அதற்குப் பதில் மரையைச் சுற்றிச் சணல், சணலின் மேல் வெள்ளைப் பெயின்ட்.

“இது படகு ஓட்றவன் வேல இல்லீங்க. பம்ப்செட் வச்சிக்கினு இருக்கறவன் வேல. யாருங்க இத தொறந்தது?” என்றார்.

ஸ்குரூவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தச் சணல் முடிச்சு என் கை முடிச்சு. கிணற்று மோட்டாரின் குழாய்க்கெல்லாம் நான் அப்படித்தான் சுற்றுவேன், இடப்பக்கமாக.

பாவாடை திருநாவலூருக்குப் போயிருந்த நாள் நானே படகை எடுத்தேன். மோட்டார் ஓடியது. மோட்டாரைக் குளிர வைத்துவிட்டுப் பக்கத்துச் சின்ன ஓட்டை வழியாக எப்போதும் பீய்ச்சுகிற தண்ணீர் மட்டும் வரவில்லை. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் மூடியைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுவோம், உடனே இழுக்கும். அதையேதான் செய்தேன். கரைக்கு வந்து மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, கண்ணில் பட்ட ஸ்குரூவைக் கழற்றினேன். கொஞ்சம் எண்ணெய் வழிந்தது, துணியால் துடைத்துவிட்டேன். தண்ணீரை ஊற்றினேன். வாஷர் சேற்றில் விழுந்துவிட்டது, பம்ப்செட்டுக்கு வைத்திருந்த சணலைச் சுற்றி, பெயின்ட் தடவி மூடினேன். திரும்ப ஓட்டியபோது அந்த ஓட்டையிலிருந்து ஒரு கட்டி சேறு தெறித்து விழுந்து, தண்ணீர் பீய்ச்சியது. சேறுதான் அடைத்திருந்தது என்று தோன்றவே இல்லை. என் கைராசி என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். அதைத் தப்பு என்று நினைத்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். சரியான வேலை என்று நினைத்ததால் சுத்தமாக மறந்துபோனேன்.

காசிநாதனிடம் “நான்தாங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊற்றியது போதாதென்று வாஷர் இல்லாத வழியில் ஏரித் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது என்றார். புது வாஷர் போட்டு, அடியிலிருந்து எண்ணெய் ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்ததும் மூடிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய், தண்ணீர் ஊற்றியவன் நான், பாவாடை மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெட்கத்தில் காது எரிந்தது. கடைக்கார வேடியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்.

“ஐயாவுக்குப் பெரிய மனசு. அவன் புள்ளைங்கள நெனச்சி பழிய தன் மேல போட்டுக்கினாரு பாருங்க.”

இல்லை என்று கத்தினேன். சணலைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருமைதான் ஏறியது. பாவாடையைத் திருடன் என்று நான் சொன்னபோது ஒருத்தர்கூட அத்தாட்சி கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் பாவாடையின் வீட்டுக்குப் போனேன். ஆயம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். டீக்கடையில் நடந்ததையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். வாழ்நாளில் வேலை ஆளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேலைக்கு வர்றேங்க. வேற எங்கியும் கூப்புட மாட்டாங்க. ஆனா ஒண்ணு. மோட்டார்ல எத தொறந்தாலும் நீங்க பக்கத்துல நிக்கணும்.”

“எனக்கு உன் மேல சந்தேகம் இல்ல, பாவாடை.”

“அது உங்களுக்குங்க. எனக்கு நீங்க நிக்கணும்.”

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எண்ணெய் மாற்றுகிற நாளில் தட்டையும் புது டப்பாவையும் எடுத்து வைத்துவிட்டு, என் வயலுக்கே வந்து கூப்பிடுவான். வேலை இருக்கிறது, நீயே மாற்று என்றால் வரப்பில் உட்கார்ந்துவிடுவான். நான் போய் நின்ற பிறகுதான் ஸ்குரூவில் கை வைப்பான். எண்ணெய் தேன் மாதிரி இறங்கும். “பாத்துக்குங்க” என்பான். பார்த்துவிட்டேன் என்று நான் வாய்விட்டுச் சொல்லும் வரைக்கும் அடுத்த ஸ்குரூவைத் தொடமாட்டான்.