குடைப்பிடி வைத்த வண்டி

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், அழுகிறேனா என்று. நான் அழவில்லை. வீம்புக்கு இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், கிடைத்ததைத் தின்றேன், படுத்தேன். வீட்டைக் கூட்டவில்லை, துடைக்கவில்லை. யார் வந்து பார்த்து மார்க் போடப் போகிறார்கள்?

ஒரே ஒரு விஷயம் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கடைசியாகச் செய்து வைத்துவிட்டுப் போன வண்டி.

அதை வண்டி என்பதா, ரோபோ என்பதா, எனக்குத் தெரியாது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் ரோபோ என்பார்கள். அடியில் ஓட்டை டிவிடி பிளேயரின் கூடு. அதன் நடுவில் ஒரு கம்பி நட்டுக்கொண்டு நிற்கும். கம்பியின் உச்சியில் பழைய குடையின் வளைந்த பிடி. சக்கரங்கள் ஊறுகாய் பாட்டில் மூடி. மூடியைச் சுற்றி எதையோ கறுப்பாக ஒட்டியிருந்தார். ரோபோ என்றால் கை கால் இருக்கும் என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? இது குடையைப் பறிகொடுத்த குடைப்பிடி போல நின்றது.

"இது என்னங்க?" என்று கேட்டதற்கு, "உனக்குத்தான். கொஞ்சம் பொறு, ஓட விட்டுக் காட்டுறேன்" என்றார்.

"என்ன செய்யும்?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? நீயே பாரேன்."

பார்க்க வைக்காமலே போய்விட்டார், மகராசன். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது பின்னறையில் தன் நாற்காலியில் தலை சாய்ந்து இருந்தார். பக்கத்தில் இந்த வண்டி. பிறகு ஒருநாள் நானே அதன் சுவிட்சை அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குத்தான் என்றாரே, எனக்கு எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என் நாத்தனார், அவருடைய அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கோணிப்பைகளோடு வந்து இறங்கினார். அவருக்குத் துக்கம் வந்தால் கை சும்மா இருக்காது. சாவு வீட்டிலேயே அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கியவர்.

"பழைய சாமான்காரனுக்குச் சொல்லிட்டேன், நாளைக்கு வர்றான். இந்தக் குப்பையைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ இப்படி மரமா உட்கார்ந்திருக்க."

"எல்லாத்தையும் கொடுங்கக்கா. இந்த வண்டியை மட்டும் ஒருதடவை ஓட்டிப் பார்த்துக்கறேன்" என்றேன்.

அதனால்தான் அவருடைய கூட்டாளிகளை வரச் சொல்லியிருந்தேன். ஒருவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கிளினிக்கை மூடிக்கொண்டு இவர்கள் உள்ளே உட்கார்ந்து பழைய பிரிண்டர், பொம்மைக் கார், ஃபேன் என்று எதையாவது குடல் உருவிக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் டாக்ஸி ஓட்டுகிற தம்பி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "அவசரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னாலேயே ஹாரன் அடிக்கிற ஆள். என் வீட்டுக்காரர் மேல் உயிரையே வைத்திருந்தான். சாவன்று எனக்கும் சேர்த்து அவன்தான் அழுதான்.

இவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குப்பையில் எடுத்த எந்தச் சாமானிலிருந்தும் சின்னப் பச்சைப் பலகை ஒன்று கிடைத்தால் — அதுதான் மூளை என்பார்கள் — முதல் வேலையாக அதைக் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். ஏதோ ஒரு பட்டனைத் தட்டுவார்கள். பலகையில் இருக்கும் பொட்டு விளக்கு பளிச் பளிச்சென்று சிமிட்டினால் பலகை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே, "உயிர் இருக்கு!" என்று ஒரு கூச்சல். அடுத்த தெருவுக்குக் கேட்கும். சிமிட்டாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். என் வீட்டிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இந்த ஆம்பிளைகளுக்கு வேறு பொழப்பே இல்லையா என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று டாக்டர் வண்டியைத் தரையில் சாய்த்து மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே, "பாட்டரி இறங்கியிருக்கும். சார்ஜ் ஏத்தினா ஓடிடும், தங்கச்சி. கவலைப்படாதே" என்றார். அவர் சார்ஜரைத் தேடிக் குனிந்தார். அந்த நேரத்துக்குள் அவசரம் தம்பி மூடியின் இடுக்கில் விரலை விட்டு, பச்சைப் பலகையை உருவி, தன் லேப்டாப்பில் மாட்டி, பட்டனைத் தட்டியும் விட்டான்.

விளக்கு சிமிட்டியது.

"உயிர் இருக்கு!"

சமையலறையில் நாத்தனாரின் கையிலிருந்து தட்டு விழுந்து உருண்டது. அந்த வீட்டில், அந்த அறையில், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவனுக்கே உறைத்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் டாக்டரின் முகம் செத்துப்போனது அதற்காக இல்லை. அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், என்னடா பண்ணின?"

தம்பி விளக்கைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சு? நல்லாத்தானே சிமிட்டுது?" என்றேன்.

டாக்டர்தான் சொன்னார். "அது எப்படி ஓடணும், எங்க நிக்கணும்னு அவர் எழுதினதெல்லாம் அந்தப் பலகைக்குள்ளதான்மா இருந்துச்சு. இப்படி விளக்கைச் சிமிட்டச் சொல்லிப் புதுசா ஒண்ணை ஏத்தினா பழசு அழிஞ்சிடும். நாங்க குப்பையில எடுக்கிற பலகையில பழசு என்ன இருந்தா எங்களுக்கு என்ன? அதனால பார்க்கவே மாட்டோம். கை பழகிப்போச்சு."

"அவர் கம்ப்யூட்டர்ல இருக்கும்!" என்று தம்பி பாய்ந்து எழுந்தான். "அண்ணன் கம்ப்யூட்டர் எங்க அண்ணி?"

டாக்டர் வண்டியின் மூடியை முழுதாகத் திறந்து காட்டினார். உள்ளே பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் என் வீட்டுக்காரருடைய லேப்டாப்பின் பாட்டரி. கம்பியைத் தாங்கி நின்றது லேப்டாப்பின் கீல். மிச்சமெல்லாம் மேஜையில் ஒரு டப்பாவுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. வண்டிக்காகத் தன் கம்ப்யூட்டரையே அறுத்திருக்கிறார் மனுஷன். எழுதி முடித்தாயிற்று, இனி அது எதற்கு என்று நினைத்திருப்பார்.

தம்பி என் காலைப் பிடிக்காத குறை. "திட்டுங்க அண்ணி. செருப்பால அடிங்க. ஏதாவது சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் எவ்வளவு பெரியது என்று ஊருக்கே தெரியும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருந்த ஒரே ஒரு ஆசையும் போய்விட்டது, அதற்குக்கூட எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சரி, விடு. டீ போடட்டுமா?" என்றேன்.

நாத்தனாரால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்தார், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டார். "போதும், போதும். எல்லாத்தையும் நாளைக்கு அனுப்பிடலாம். முதல்ல இந்தத் தரை. மனுஷங்க இருக்கிற வீடா இது? பாரு, வாசல்லேருந்து உள்ள வரைக்கும் கறுப்புக் கறுப்பா என்ன கோடு இது? தேய்ச்சாத்தான் போகும்."

அவர் வாசலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஈரத்துணியை வைத்தார். நான் ஏதோ ஞாபகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தரையில் இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில். துணி ஒரு இழுப்பு இழுத்தது. கோட்டில் ஒரு சாண் காணாமல் போனது.

"தொடாதீங்க!"

அது என் குரல்தான். நாத்தனார் துணியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். தம்பி வாயைப் பிளந்தான்.

நான் போய் வண்டியைத் தூக்கி வந்தேன். கனத்தது. சக்கரத்தைத் தரையில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். கறுப்பாகக் கோடு விழுந்தது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் ஊறுகாய் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்தது என்ன என்று தெரிந்தது. என் பழைய வேலைச் செருப்பின் அடி. எங்கே போனது, எங்கே போனது என்று நான் வீடெல்லாம் தேடிய செருப்பு.

பிறகு நாலு பேரும் குனிந்துகொண்டு அந்தக் கோட்டின் பின்னால் போனோம். யாராவது பார்த்திருந்தால் இந்த வீட்டில் எல்லோருக்கும் கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். கோடு பின்னறையில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தொடங்கியது. நடைக்கு வந்து சுவரில் முட்டியிருந்தது. சுவரில் கறுப்புத் தடம். பின்வாங்கித் திரும்ப முட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, கொஞ்சம் நேராக. இன்னொன்று, இன்னும் நேராக. நான் வேலைக்குப் போயிருந்த பகலெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டிப் பழக்கியிருக்கிறார். எல்லாக் கோடுகளும் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து வட்டமடித்து, நாற்காலிக்கே திரும்பிப் போயிருந்தன.

"வாசலுக்கு வந்து என்னத்தைப் பண்ணும்?" என்றார் நாத்தனார்.

"இவ்வளவு சின்ன வண்டிக்கு எதுக்குண்ணே வைப்பர் மோட்டார்னு கேட்டேன். என் டாக்ஸியில கழட்டினதுதான்" என்றான் தம்பி. "கனம் இழுக்கணும்டான்னு சொன்னார்."

டாக்டர் வண்டியைத் திருப்பினார். அடியில், கவிழ்ந்துவிடாமல் இருக்க, இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு. அது நான் வேலை செய்கிற லாண்டரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

நான் குடைப்பிடியைப் பார்த்தேன். என் இடுப்பு உயரம். கையைத் தொங்க விட்டால் சரியாக அங்கே வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் வேலைப் பையை எடுத்துப் பிடியில் தொங்கவிட்டேன். பொருந்தியது. வண்டி ஆடாமல் நின்றது.

விஷயம் இதுதான். ஹோட்டல்களிலிருந்து எங்களுக்கு மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். அதற்குள் என்னென்னவோ சுருண்டு வரும். உடைந்த ரிமோட், எரிந்துபோன ஹேர் டிரையர், சாவி கொடுத்து ஓடும் பொம்மை. யாரும் கேட்டு வராததை நான் அவருக்காகப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். நான் கதவைத் திறந்ததும் மனுஷன் ஓடி வருவார். என்னைப் பார்க்க இல்லை, பையைப் பார்க்க. "இன்னைக்கு என்ன?" என்று என் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து துழாவுவார். மூச்சுவாங்கல் வந்த பிறகு அந்த நடை அவருக்குத் தூரமாகிவிட்டது. "வாசல் வரைக்கும்கூட வரமுடியலையா துரைக்கு?" என்று நான் அங்கிருந்தே கத்துவேன். தினமும் கத்துவேன். எங்கள் வீட்டில் பாசம் அப்படித்தான் பேசும். அவர் உள்ளேயிருந்து சிரிப்பார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவருக்கு அது குத்தியிருக்கிறது. தான் வரமுடியாத வாசலுக்கு அனுப்ப ஒரு ஆளைச் செய்திருக்கிறார்.

"உனக்குத்தான்னு சொன்னானா?" என்றார் நாத்தனார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பையைப் பிடுங்கறதுக்கு! சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் எழுதித் தர்றேன் அண்ணி. இந்தக் கோட்டை வெச்சே எழுதிடலாம். அண்ணன் விட்ட மாதிரியே வரும்."

"வேண்டாம்ப்பா."

"ஒரு மணி நேர வேலை அண்ணி."

"அவர் விட்ட மாதிரி எப்படி வந்திருக்கும்னு உனக்குத் தெரியாது. மெதுவா வந்திருக்குமா, நின்னு நின்னு வந்திருக்குமா? எனக்கும் தெரியாது. நல்லா வந்துச்சுன்னா இதுதான்னு நம்பிடுவேன். வேண்டாம். பலகையை அது இருந்த இடத்துல மாட்டி, பாட்டரிக்குச் சார்ஜ் ஏத்திக் கொடு, போதும்."

மறுநாள் சாமான்காரன் வந்து மேஜையைக் காலி செய்துகொண்டு போனான். வண்டியையும் நாற்காலியையும் கொடுக்கவில்லை. தரையை நாத்தனார் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்திருந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தேன். காலையில் நான் நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால், வண்டி நின்றது. உள்ளே விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பையைப் பிடியில் மாட்டினேன். நகராது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

பிறகு குனிந்து தள்ளினேன். கோட்டின் மேலேயே, நடையில், சுவரில் முட்டிய இடத்தில் கொஞ்சம் ஒடித்து, பின்னறை வரைக்கும். இடுப்பு விட்டுப்போனது. கோடு நாற்காலியின் கால்களுக்கு நடுவில் முடிந்தது. அவர் கால் வைக்கிற இடம்.

பையின் அடியில் துணியில் சுற்றி ஒரு சாமான் கிடந்தது. அவர் போன அன்று விரிப்புக்குள்ளிருந்து எனக்குக் கிடைத்த பாட்டரி பல் பிரஷ். உள்ளே சின்ன மோட்டார் இருக்கும், பார்த்தால் குதிப்பார் என்று பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்தது. அன்றிலிருந்து தினமும் அதைத் தோளில் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. எடுத்து வைக்க ஒரு இடம் இல்லை.

எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

"இந்தாங்க. இன்னைக்கு இதுதான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான், அந்தத் தரையில் உட்கார்ந்து, எனக்கு அழுகை வந்தது.